பின் அறையில் இரண்டு அங்கிள்மார்

டண்டினொங்
02.03.2025, ஞாயிறு

என் அன்பு மகன் நிஷானுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம். என் முழங்காலைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும், அதைக் கேட்காதே. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருவரோடும் வாய்காட்டாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. உன்னுடைய ஜேர்பில் எலி இரண்டுக்கும் நகம் வளர்ந்துபோய்க் கிடக்கிறது. நீ இருந்தபோது அதை யார் வெட்டினது, எப்போது வெட்டினது என்று நான் கவனித்ததில்லை. நகம் வெட்ட வேண்டிய சாமான் அது என்றே தெரியாது. போன கிழமை கறுத்ததின் நகம், நீ பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போன கம்பளித் துண்டில் கொளுவி, இழுக்க இழுக்க வரவில்லை. அது கத்தியது. அந்த உடம்புக்குள் அப்படியொரு சத்தம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. கத்தரிக்கோலால் கம்பளியை வெட்டித்தான் எடுத்தேன்.

மறுநாள் டண்டினொங் ஸ்ரேசனில் ரெயினுக்குக் காத்திருக்கும்போது, சும்மா இருப்பதற்குப் பதில் ஒரு மிருக வைத்தியரின் இடத்துக்குப் போன் எடுப்போமே என்று எடுத்தேன். ஒரு பெட்டை கதைத்தாள். என்ன மிருகம் என்று கேட்டாள். ஜேர்பில் என்றேன், நீ சொல்லித்தந்த மாதிரியே நாக்கை மடித்து. அவள் மெதுவாக, "சேர், அவுஸ்திரேலியாவில் ஜேர்பில் வளர்க்கக் கூடாது. தடை. நீங்கள் எங்கேயிருந்து கதைக்கிறீர்கள்?" என்றாள்.

"கொழும்பிலிருந்து" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று என்னைக் கேட்காதே, வாய் தானாகச் சொன்னது. அந்த நேரம் பார்த்து மேலே ஒலிபெருக்கியில் பக்கன்ஹாம் ரெயின் வருகிறதென்று அறிவித்தார்கள். "கொழும்பிலும் பக்கன்ஹாம் இருக்கோ சேர்?" என்றாள். போனை வைத்தேன். வைத்தது காணாதென்று எழும்பிப் போய் வேறு கதிரையில் இருந்தேன், அவள் அங்கேயிருந்து என்னைப் பார்க்கிறாள் என்ற மாதிரி.

நீ எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாம், ராசா. வேலைத்தலத்துச் சினேகிதன் நாட்டை விட்டுப் போகும்போது தந்துவிட்டுப் போனான் என்று மட்டும்தான் சொன்னாய். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு நான் செய்த பெரிய குற்றம் குப்பையை வாளி மாறிப் போட்டதுதான். இப்போது பின் அறையில் கள்ளச் சரக்கு.

அம்மா சிட்னி கிரவீனில் உன் அக்கா அஞ்சலாவோடுதான் இன்னும். அவளின் கைக்குழந்தைக்கு நல்ல சுகம். அம்மா போனில், "அந்த எலியளை எங்கயாவது விட்டிட்டு வாங்கோ" என்கிறா. எங்கே விட? கடைக்குக் கொண்டுபோகவும் ஏலாது, ஆளை வீட்டுக்குக் கூப்பிடவும் ஏலாது. மாதா கோயில் பூசையில் உன் சினேகிதன் சுஜீதனின் தாய், "நிஷான் பேர்த்தில எப்பிடி? சுரங்கத்தில சரியான வெக்கையாம்" என்று கேட்டா. நீ அங்கே வேலைக்குப் போயிருக்கிறாய் என்றுதான் அம்மா எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறா. சரியான வெக்கை என்று நானும் சொன்னேன்.

நீ கேட்கமாட்டாய், ஆனால் நினைத்துக்கொண்டிருப்பாய், அதனால் எழுதுகிறேன். நீ காரால் இடித்த அந்தச் சைக்கிள்காரப் பெடியன் ஊன்றுகோலை விட்டுவிட்டானாம். வழக்கறிஞர் சொன்னார்.

தமிழில் எழுதுவதைச் சிறையில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்ற துணிவில் எல்லாம் எழுதிவிட்டேன். நகம் எப்படி வெட்டுவதென்று உடனே எழுது.

உன் அப்பா
யோன்


14.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சது. நான் சுகம். நீங்கள் எழுதின கற்பனைக் கதை நல்லாயிருந்தது. உங்களுக்கு இப்படிக் கற்பனை வரும் என்று எனக்குத் தெரியாது.

அப்பா, இங்கே கடிதங்களைத் திறந்து வாசிச்சுத்தான் தருவினம். தமிழ் வாசிக்கவும் ஆள் பிடிச்சிருக்கினம், அதுதான் உங்கட கடிதம் பிந்தினது. பாவம், கற்பனைக் கதை வாசிச்சு அவருக்கு என்ன பிரயோசனம்? இனி அதை விட்டிட்டு வீட்டுப் புதினம் எழுதுங்கோ. பின் அறையில இருக்கிற அங்கிள்மார் ரெண்டு பேரும் எப்படி? வயசானவை, குனிஞ்சு கால் நகம் வெட்ட ஏலாது, நீங்கள்தான் வெட்டிவிட வேணும்.

நுனியை மட்டும் வெட்டுங்கோ. வெளிச்சத்தில பிடிச்சால் நகத்துக்குள்ள ரோஸ் நிறத்தில ஒரு கோடு தெரியும், அது இரத்தம். அதுக்கு முன்னால நிப்பாட்ட வேணும். தவறி இரத்தம் வந்தால் மா வைச்சு அமத்துங்கோ. ஒருத்தர் துவாயில பிடிக்க, மற்றவர் வெட்ட வேணும். பின்னால பிடிச்சு இழுக்கவே கூடாது.

பேர்த்தில் வெக்கை குறைவு என்று அம்மாவிடம் சொல்லுங்கோ.

நிஷான்


டண்டினொங்
23.03.2025, ஞாயிறு

அன்பு மகனுக்கு,

விளங்கியது. எனக்கு எல்லாம் நன்றாக விளங்கியது. கற்பனைக் கதை இனி இல்லை.

பின் அறை அங்கிள்மார் இரண்டு பேரும் சுகம். உனக்கு அவர்களின் பெயர் மறந்திருக்கும், ஆகவே நினைவூட்டுகிறேன். கறுத்தவர் மகேந்திரராஜா. மற்றவர், சிவத்தவர், யோகேஸ்வரன். இரண்டு பேரும் மிகவும் மரியாதையான ஆட்கள். சூரியகாந்தி விதை என்றால் உயிர்.

நேற்று மகேந்திரராஜா அண்ணருக்குக் கால் நகம் வெட்டினோம். வெள்ளிக்கிழமையே வெட்டத்தான் துவாயும் நகவெட்டியும் எடுத்தேன். பக்கத்து வீட்டு விக்னராஜா அண்ணரைத் துணைக்குக் கூப்பிட்டேன், உன் விசயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே. வந்தவர் நகவெட்டியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வெள்ளிக்கிழமையில நகமோ? யோன், லட்சுமி வீட்டை விட்டுப் போயிடுவா."

"அண்ணை, நாங்கள் வேதக்காரர். எங்கட வீட்டில லட்சுமி இல்லை."

"அப்ப இனியும் வராமல் இருக்கவோ வெட்டப்போறாய்?"

நகவெட்டியை மேசையில் வைத்தேன். சனிக்கிழமை காலை வரை பொறுத்தோம்.

விக்னராஜா அண்ணர் முன்னம் பஸ் ஓடினவர். எந்தச் சந்தியிலும் பதறாத கை. அந்தக் கையால் மகேந்திரராஜா அண்ணரைத் துவாயில் சுற்றிப் பிடித்தார். பிடிபட்டவர் துவாயின் இந்தப் பக்கத்தால் உள்ளே போய், விக்னராஜா அண்ணரின் சேட்டுக் கைக்குள்ளால் ஏறி, கழுத்தடியில் வெளியே வந்தார். வயதானவர் என்றாலும் நல்ல சுறுசுறுப்பு. "எடு! எடு! எடுக்கிறியோ இல்லையோ!" என்று விக்னராஜா அண்ணர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ஒரு மாதிரிப் பிடித்தோம். வெளிச்சத்தில் பார்த்தேன். கறுத்த ஆளுக்கு நகமும் கறுப்பு, நீ சொன்ன ரோஸ் கோடு எங்கே தெரியும்? கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். பிறகு மாதாவே என்று வெட்டினேன். கூட வெட்டிவிட்டேன். ஒரேயொரு துளி இரத்தம். குசினிக்கு ஓடி இடியப்ப மாவை எடுத்துவந்து விரலில் அமத்தினேன், நின்றது. பிறகு அவரைப் பெட்டிக்குள் விட்டு மூடியைப் போட்டேன். யோகேஸ்வரன் அண்ணர் ஒரு மூலையில் நின்று பின்னங்காலால் நிலத்தில் டக் டக் டக் என்று அடித்தார். பயந்தால் அப்படி அடிப்பாராம், விக்னராஜா அண்ணரின் மகள் போனில் தேடிச் சொன்னா. அன்று அவருக்கு வெட்டவில்லை. எனக்கும் அப்படி அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

உன் அப்பா
யோன்


06.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை வாசிச்சுச் சிரிச்சன். இங்க வந்து முதல் தடவை. பக்கத்துக் கட்டில்காரன் எழும்பிப் பார்த்தான், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று.

அப்பா, துரத்திப் பிடிக்காதேங்கோ. அங்கிள்மாருக்கு மேலே இருந்து வாற கையைக் கண்டால் பயம். பருந்து என்று நினைப்பினம். கையை விரிச்சு, உள்ளங்கை மேலே பார்க்க, கீழே வைச்சிட்டுச் சும்மா இருங்கோ. கையில ஒரு விதை வைக்கலாம். ஒரு அலுவலும் இல்லாத ஆள் மாதிரி இருங்கோ. அவையாய் வருவினம். வந்து ஏறி இருந்து தின்னேக்க ஒரு நகம். பிறகு விடுங்கோ. மற்ற நாள் இன்னொன்று. சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே ஒரு செங்கல்லும் வையுங்கோ, நடந்து நடந்து நகம் தானாகவும் தேயும்.

இன்னொரு விசயம். தண்டனை முடிய முதல் வெளியே விடுற பரோலுக்கு எங்கட வீட்டு விலாசத்தைத்தான் குடுத்திருக்கிறன். வீட்டைப் பார்க்க ஆள் வருவினம். வேற இடம் எனக்கு இல்லை. அந்த விலாசம் சரிவந்தால்தான் ஜூலையில வெளியே வரலாம்.

அங்கிள்மாரை எங்கேயும் அனுப்பிவிடாதேங்கோ. மற்ற எல்லாம் நானே கெடுத்துப்போட்டன், அப்பா. வேலை, லைசென்ஸ், அந்தப் பெடியன்ர கால், அம்மாவுக்குப் பூசையில நிமிர்ந்து இருக்கேலாத நிலைமை. அவை ரெண்டு பேரும் மட்டும்தான் நான் கெடுக்காமல் வைச்சிருந்தது.

நிஷான்


டண்டினொங்
27.04.2025, ஞாயிறு

அன்பு மகனுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். முதல் நாள் கையை விரித்து வைத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை இருந்தேன். ஒருவரும் வரவில்லை. கை விறைத்துப்போனது. பக்டரியில் பிளாஸ்ரிக் வாளி அடுக்கின காலத்தில் சும்மா நின்றால் சுப்பவைசர் கத்துவான். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாலைந்து நாளில் யோகேஸ்வரன் அண்ணர் வந்து என் பெருவிரலை மணந்துவிட்டுப் போனார். அடுத்த நாள் இரண்டு கையையும் வைத்து நின்றார். பிறகு ஒரு நாள் ஏறி உள்ளங்கையில் குந்திக்கொண்டு விதையை உரித்தார். கையில் ஒரு சின்னச் சூடு. நெஞ்சு அடிக்கிறது, அதுவும் தெரிகிறது. ஒரு நகம் வெட்டினேன். அவர் கவனிக்கவேயில்லை. எனக்குத்தான் வேர்த்தது.

இப்போது இரண்டு பேருக்கும் முன் நகம் எல்லாம் சரி. செங்கல்லும் வைத்திருக்கிறேன், அதில் ஏறி நின்று என்னை ஆராய்கிறார்கள்.

பேரப்பிள்ளைக்கு ஈஸ்ரருக்குப் பிறகு ஞானஸ்நானம் குடுத்தார்கள். நான் போகவில்லை. அங்கிள்மாரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? விக்னராஜா அண்ணர் பிடிப்பார், ஆனால் தனியாகப் பார்க்கப் பயப்படுகிறார். அம்மா போனில் சண்டை. "பேரன்ர தலையில தண்ணி ஊத்தேக்க நீங்கள் அங்க என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்டா. நகம் வெட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியுமா? ஹரிஸ் பார்க் கடையில் வாங்கின இனிப்பைப் போன் வீடியோவில் காட்டிக் காட்டிச் சாப்பிட்டா. இப்போது நான் வாசல் கதவைத் திறக்க முதல் யன்னலால் பார்க்கிறேன். பால் வாங்கப் போனாலும் ஓடி வருகிறேன். மணி அடித்தால் மூச்சைப் பிடிக்கிறேன். மூடிக்கு எந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று சில நேரம் தெரியவில்லை.

பரோல் ஒபிஸிலிருந்து ஒரு பெண்மணி போன் எடுத்தா. மே நடுவில் வருவாவாம். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. அன்றைக்கு மகேந்திரராஜா அண்ணரையும் யோகேஸ்வரன் அண்ணரையும் விக்னராஜா அண்ணரின் கராஜுக்குக் கொண்டுபோய்ப் போர்வையால் மூடி வைத்துவிடுவோம். சத்தம் போடமாட்டார்கள்.

உன் அப்பா
யோன்


06.05.2025

அப்பா,

என்னைக் கூப்பிட்டு விசாரிச்சினம். மகேந்திரராஜா யார், யோகேஸ்வரன் யார், அவர்களுக்கு என்ன வீசா, ஏன் அந்த விலாசத்தில அவர்களின் பெயர் பதியவில்லை, ஏதாவது குற்றம் செய்தவர்களோ என்று கேட்டினம். உங்கட அப்பா அவர்களை ஏன் பெட்டியில வைக்கிறார் என்றும் கேட்டினம். கராஜ் என்றும் போர்வை என்றும் நீங்கள் ஏன் அப்பா எழுதினீங்கள்?

தெரியாது என்று மட்டும் சொன்னன். தெரியாத ஆட்கள் இருக்கிற வீட்டுக்கு என்னை விடமாட்டினமாம். வேற ஏதும் சொன்னால் நீங்கள் எழுதின கற்பனைக் கதையும் என்ர தலையில சேரும்.

நான் யோசிச்சிட்டன். பரோல் இல்லாவிட்டால் இல்லை. முழுத் தவணையும் இருந்திட்டு வாறன், அடுத்த வருசம்தானே. நீங்கள் ஒன்றும் சொல்லாதேங்கோ. அவையைக் குடுக்காதேங்கோ. குடுத்தால் என்ன செய்வினம் என்று உங்களுக்குத் தெரியும்.

நிஷான்


டண்டினொங்
18.05.2025, ஞாயிறு

அன்பு மகன் நிஷானுக்கு,

இனி இதில் அங்கிள்மார் இல்லை. எல்லாவற்றையும் நேராக எழுதுகிறேன், யார் வாசித்தாலும் வாசிக்கட்டும். மொழிபெயர்க்கிற ஐயாவுக்கோ அம்மாவுக்கோ என் வணக்கம். உங்களுக்கு நான் தந்த கரைச்சலுக்கு மன்னிக்க வேண்டும்.

அந்தப் பரோல் பெண்மணி சொன்ன நாளுக்கு முதல் நாளே வந்துவிட்டா. நான் சாரத்தோடு நிற்கிறேன், கையில் சூரியகாந்தி விதை. விக்னராஜா அண்ணர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, நான் கூப்பிடாமலே உதவிக்கு ஓடி வந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் பாதிச் சிக்கல் குறைந்திருக்கும்.

அவ கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கேட்டா. "மிஸ்ரர் யோன், இந்த வீட்டில் உங்களோடு இன்னும் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள், அப்படித்தானே?"

நான் வாயைத் திறக்க முதல் விக்னராஜா அண்ணர், "நான்தான் மகேந்திரராஜா" என்றார்.

"வாசலில் உங்கள் பெயர் விக்னராஜா என்று சொன்னீர்களே."

"அது வீட்டுப் பெயர்."

"யோகேஸ்வரன்?"

"அவர் என்ர மச்சான். கடைக்குப் போயிட்டார்."

நான் அவரின் காலை மிதித்தேன். அவர் ஏன் மிதிக்கிறாய் என்று தமிழில் சத்தமாகவே கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பின் அறையில் டக் டக் டக் என்று அடி தொடங்கியது.

அவவின் முகம் மாறியது. கோப்பைத் திறந்து வாசித்தா. நான் உனக்கு எழுதினது, இங்கிலீசில். ஒருவருக்கு இரத்தம் வந்தது, மா வைத்து அமத்தினேன், பெட்டிக்குள் விட்டு மூடினேன், மற்றவர் பயத்தில் காலால் அடித்தார். இங்கிலீசில் கேட்க எனக்கே நெஞ்சு பதறியது, எந்தப் பாவி இதைச் செய்தான் என்று. "சேர், நேராகக் கேட்கிறேன். இந்த வீட்டில் யாரையாவது அவர்களின் விருப்பமில்லாமல் அடைத்து வைத்திருக்கிறீர்களா?"

நான் என்ன சொல்ல, ராசா? இல்லை என்றால் பொய். ஓம் என்றால் பொலிஸ். எழும்பிப் போய்ப் பின் அறைக் கதவைத் திறந்தேன். மகேந்திரராஜா செங்கல்லில் ஏறி இரண்டு காலில் நின்று அவவைப் பார்த்தது.

"இதுதான் மகேந்திரராஜா. அங்காலே மண்ணுக்குள் நிற்பது யோகேஸ்வரன்" என்றேன்.

அவ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தா. விக்னராஜா அண்ணரும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார். எல்லாம் சரி என்று நானும் நினைத்தேன். பிறகு அவ சிரிப்பை நிறுத்தி, "இவை இருக்கிற வீட்டுக்கு அவரை அனுப்ப முடியாது. உங்களுக்கு விளங்குகிறது தானே?" என்றா. தடை செய்த மிருகங்களை எடுக்கிற அரசாங்க ஒபிஸில் நாங்களாகக் கொண்டுபோய்க் குடுத்தால் பிரச்சினை பெரிதாகாது, வெள்ளிக்கிழமைக்குள் குடுக்க வேண்டும் என்றா.

கடைசியில் பேனையைத் திறந்து, "இவை யாருடையவை?" என்று கேட்டா.

"என்னுடையவை" என்றேன்.

அவ என்னைப் பார்த்தா. கடிதம் எல்லாம் வாசித்த மனுசி, உண்மை தெரியும். நான் சொன்னதைத்தான் எழுதினா. ஆகவே அது உன் தலையில் இல்லை.

நீ குடுக்காதே என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். அடுத்த வருசம்தானே என்று நீ எழுதுகிறாய். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை விக்னராஜா அண்ணரின் காரில் கொண்டுபோய்க் குடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்களை என்ன செய்வார்கள், உயிரோடு வைப்பார்களா என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

வீட்டு விலாசம் சரிவரும் என்று அன்று பின்னேரமே போனில் அறிவித்தார்கள். பின் அறையை உனக்குக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். வெறும் பெட்டியை என்ன செய்வதென்று நீ சொல்லு. எனக்கு எடுக்க மனமில்லை.

கோபம் என்றால் கோபமாக எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அப்பா
யோன்


08.06.2025

அப்பா,

நகம் வெட்டித்தான் குடுத்தனீங்களோ?

நிஷான்


டண்டினொங்
15.06.2025, ஞாயிறு

என் மகனுக்கு,

ஓம், ராசா. வெட்டித்தான் குடுத்தேன்.

மூன்று கிழமையாக உன் கடிதம் வரவில்லை. தபால்காரன் வருகிற நேரம் பார்த்து வாசலில் பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன், இந்தக் குளிருக்குள் அது அழுகிப்போய்விட்டது. வந்த கடிதத்தில் ஒரு வரி. பரவாயில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாய், அதனால் முழுதாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை விக்னராஜா அண்ணர் காரோடு வந்தார். நான் நகவெட்டியைக் கையில் எடுத்ததும் அவரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. அவரும் என்னைப் பார்த்தார். போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, துவாயை விரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

துவாய் தேவைப்படவில்லை. கையை வைத்தேன். கறுத்தது உடனே ஏறியது, விதை இல்லாமலே. விதையைப் பிறகுதான் குடுத்தேன். முன் நகம் செங்கல்லிலேயே நன்றாகத் தேய்ந்திருந்தது, பின் நகம்தான் கொஞ்சம் நீளம். கறுத்த நகத்தில் கோடு எங்கே என்று இப்போது எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும். இரத்தம் வரவில்லை. ஒரு நகம் வெட்டிவிட்டுப் பொறுத்து, அடுத்தது. மற்றதுக்கும் அப்படியே. ஸ்கூல் தொடங்குகிற அன்று உன்னைக் கதிரையில் ஏற்றி வெட்டிவிடுவேன், அதே மாதிரி. போகிற இடத்தில், இதை யாரும் பார்க்கவில்லை, கவனிக்க ஆளில்லாத சாமான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. விக்னராஜா அண்ணர் வெட்டின நகத்தை எல்லாம் துவாயிலிருந்து பொறுக்கினார். எள்ளுப் போல இருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் போடக்கூடாதென்று வெளியே கொண்டுபோய் மண்ணில் போட்டார்.

வழி முழுக்கப் பெட்டி என் மடியில். காருக்கு வெளியே வெளிச்சம் கண்டு இரண்டும் மூலையைக் கிண்டிக்கொண்டே வந்தன. விக்னராஜா அண்ணர் ரேடியோவைப் போட்டார், பிறகு நிறுத்தினார்.

ஜூலையில் நீ வெளியே வருகிற அன்று அவரும் நானும் அதே காரில் வந்து நிற்போம். அம்மாவும் முதல் நாள் சிட்னியிலிருந்து வந்துவிடுவா. சுஜீதனின் தாய்க்கு, நிஷான் பேர்த்திலிருந்து வாறான் என்று சொல்லப்போவதில்லையாம். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். "வாறான் என்று சொல்லுவன்" என்றா.

குடுத்த இடத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் இதையும் எழுதிவிட்டு முடிக்கிறேன். ஒரு இளம் பெட்டைதான் வந்து வாங்கினாள். நல்ல பிள்ளை, முகத்தில் கடுமை இல்லை. பெட்டியை மேசையில் வைக்கச் சொன்னாள். கையுறையைப் போட்டாள். மூடியைத் திறந்துவிட்டு, மேலே இருந்து கையை விட்டாள். இரண்டும் சிதறி ஓடின. டக் டக் டக் என்று அடி. அவள் அங்காலும் இங்காலும் துரத்தினாள்.

மேலே இருந்து வேண்டாம் பிள்ளை, கையை விரித்துக் கீழே வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறு, தானாக வந்து ஏறும் என்று எனக்கு வாய் வரை வந்தது. இங்கிலீசில் கூட வந்தது.

சொல்லவில்லை.

உன் அப்பா
யோன்